ஏழாம் நம்பர்க் காட்டுப் பேயும் என் வயிற்றெரிச்சலும்

ஈப்போவில், ஜெலாப்பாங் சமிக்ஞை விளக்கில் நேற்று என் காருக்கு முன்னால் ஒரு லோரி நின்றது. நீலத் தார்ப்பாய்க்கு அடியிலிருந்து பழுப்பு நீர் சாலையில் சொட்டிக்கொண்டிருந்தது. கட்டிப்பால். மரத்தில் பால் வடியும் மங்கிலேயே உறைந்து, சாக்கில் கிடந்து புளித்து, தொழிற்சாலைக்குப் போகும் ரப்பர். கண்ணாடியை ஏற்றினாலும் அந்த நாற்றம் உள்ளே வந்து பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொள்ளும். மற்றவர்கள் உடனே மூக்கைப் பொத்துவார்கள். தோட்டத்தில் பிறந்தவன் முதலில் ஒரு மூச்சு இழுப்பான், அப்புறம்தான் பொத்துவான்.

நானும் இழுத்தேன். இழுத்த மூச்சோடு குமரேசனின் முகம் வந்தது. கூடவே வயிற்றில் அந்தப் பழைய எரிச்சலும்.

படங்களுக்கும் தொலைக்காட்சி நாடகங்களுக்கும் இருபத்திரண்டு வருடம் எழுதிவிட்டு ஒதுங்கியவன் நான். இப்போது எழுத வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்கிறார்கள். காட்சி பிரிப்பதையும் வசனம் சுருக்குவதையும் சொல்லித்தர என்னைவிடக் கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். நான் பொறாமையைப் பற்றிச் சொல்கிறேன். இந்தத் தொழிலில் எனக்கு முழுதாகத் தெரிந்தது அது ஒன்றுதான்.

பெயர்களை மாற்றியிருக்கிறேன், தோட்டத்து ரப்பர்க் காட்டின் எண்ணையும். அனுமதி கொடுக்க வேண்டியவர்கள் கொடுத்துவிட்டார்கள். யாரும் தேடிப் போக வேண்டாம்.

குமரேசனும் நானும் பன்னிரண்டு வருடம் ஒரே மேசையில் எழுதினோம். ஈப்போவில் ஒரு கடைவீட்டின் மாடி. கீழே மோட்டார் சைக்கிள் பழுதுபார்க்கும் கடை. மேலே இரண்டு நாற்காலி, ஒரு மின்விசிறி, இரண்டு பிடிவாதம். அவன் பேசிக்கொண்டே இருப்பான், நான் அதில் பத்தில் ஒன்றை எழுதுவேன். மிச்சம் ஒன்பதும் குப்பை என்று அவனிடமே சொல்வேன். அவன் சிரிப்பான். அந்தச் சிரிப்பை நான் அப்போது முட்டாள்தனம் என்று நினைத்தேன்.

ஒரு நாடகத்துக்காகப் பழைய தோட்டத்து ஆட்களைத் தேடிப் பேசிக்கொண்டிருந்த சமயம். ஜெலாப்பாங்கில் ஒரு ரப்பர் தொழிற்சாலையின் காவல் கொட்டகையில் மாரிமுத்துவைச் சந்தித்தோம். தோட்டத்தில் பால்மரம் சீவியவர், தோட்டம் போன பிறகு இங்கே காவலாளி. எங்களுக்குக் கோப்பி வாங்கி வைத்துவிட்டு, உள்ளே போகும் கட்டிப்பால் லோரிகளுக்கு நடுவே, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

“அக்கா அன்னிக்குப் பெரட்டுக்கு வரல,” என்றார். பெரட்டு என்றால் விடிவதற்குள் பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுப்பது. “கங்காணி திட்டுறாரு. நான்தான் தேடிப் போனேன். பன்னெண்டு வயசு எனக்கு. ஏழாம் நம்பர்க் காட்டைத் தாண்டுனா ஈயக்குட்ட. கரையில அவ செருப்பு. ரெண்டும் சேத்து வச்ச மாதிரி இருக்கு. ஆள் இல்ல.”

உடல் கிடைக்கவில்லை. பழைய ஈயச் சுரங்கக் குட்டைகளின் ஆழம் யாருக்கும் தெரியாது. அடுத்த மாதத்திலிருந்து ஏழாம் காட்டில் மரம் சீவியவர்கள் ஒரு வெளிச்சத்தைப் பார்க்கத் தொடங்கினார்கள். நெற்றி விளக்கு மாதிரி, மர நெரைக்கு நெரை நகர்ந்து போகும். கிட்டே போனால் இருக்காது. அஞ்சலை மரம் சீவுகிறாள் என்றார்கள்.

கல்யாணம் ஆகாமல் செத்த பெண் வீட்டுக்குத் தெய்வமாவாள், கன்னி என்று கும்பிடுவார்கள். உங்களில் பாதிப் பேர் வீட்டில் இருப்பாள். மாரிமுத்துவின் அப்பா குட்டைக் கரையில் ஒரு கல்லை நட்டு, வருடா வருடம் சிவப்புச் சேலை சார்த்தி இலை போட்டுப் படைத்தார். அப்பாவுக்குப் பின் அம்மா. அம்மாவுக்குப் பின் மாரிமுத்து. காடு எண்ணெய்ச் செம்பனையானது, பாதி தமான் வீடுகளானது. கல் அங்கேயே நின்றது.

குமரேசன் என் தொடையில் தட்டினான். “மச்சான், இது படம்டா.”

“பேய்ப் படமா? யாருடா பாப்பாங்க? நாம என்ன சின்னப் புள்ளைங்களுக்கா எழுதுறோம்?”

மாரிமுத்து என்னைப் பார்த்தார். “பேய் இல்ல தம்பி,” என்றார். “எங்க அக்கா.”

நான் குறிப்பேட்டை மூடினேன். அப்போது என் மனத்தில் மூன்று தலைமுறைக் கதை ஒன்று இருந்தது. கப்பல், காடு, கண்ணீர், கடைசியில் பட்டணம். உலகப் படவிழாக்களில் எழுந்து நின்று கைதட்டும் கதை. அது இன்னமும் என் மனத்தில்தான் இருக்கிறது, பத்திரமாக.

சில வருடங்கள் கழித்து நாங்கள் பிரிந்தோம். சண்டை ஒன்றும் இல்லை. அவனுக்கு ஒரு தயாரிப்பாளர் கிடைத்தார், எனக்குக் கிடைக்கவில்லை. போகும்போது கேட்டான்: “அந்த ஏழாம் நம்பர்க் காட்ட நான் எடுத்துக்கவா மச்சான்? நீ வேணாம்னுட்ட.”

“எடுத்துக்கோ லா.” எச்சில் இலையைத் தள்ளுகிற மாதிரிச் சொன்னேன்.

படம் வந்தது. எழுபதுகளில் நடந்ததை அவன் வெள்ளைக்காரத் துரை காலத்துக்குத் தள்ளியிருந்தான். பங்களா, குதிரை, அரிக்கேன் விளக்கு, முழு நிலா. அஞ்சலை கையில் பால் வாளியோடு குட்டையில் குதிக்கிறாள். தொடக்கத்தில் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து: ‘உண்மைச் சம்பவத்தைத் தழுவியது’. அந்த மூன்று சொல்லுக்கே அரங்கில் ஒரு முனகல் எழுந்தது, சூடான எண்ணெயில் கடுகு விழுந்தாற்போல.

பகல் காட்சிக்குத்தான் போனேன், யாரும் பார்க்க மாட்டார்கள் என்று. அரங்கு நிறைந்திருந்தது. இடைவேளைக்கு முன் எனக்குப் பின்னால் ஒரு பெண் அலறினார். தம்பிகளே, என் வாழ்நாளில் அவ்வளவு அழகான ஓசையை நான் கேட்டதில்லை. இருபத்திரண்டு வருடம் நான் எழுதிய வசனங்களுக்கு ஒருவர் இருமியதுகூட இல்லை. இங்கே வெறும் ஒரு வெளிச்சம் மரத்துக்கு மரம் நகர்கிறது, ஒரு குடும்பமே சோளப்பொரியைக் கீழே போட்டுவிட்டு ஒருவரையொருவர் பிடித்துக்கொள்கிறது. அந்த வெளிச்சத்தின் கதையைக் குமரேசனோடு கேட்டு, வேண்டாம் என்றவன் நான். கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பயத்தில் என்று பக்கத்தில் இருந்தவர் நினைத்திருப்பார்.

அதற்கப்புறம் எந்தத் தயாரிப்பாளரிடம் போனாலும் மூன்றே கேள்விகள். பழைய காலமா? பேய் இருக்கா? உண்மையா? என் மூன்று தலைமுறைக் கதையைச் சொன்னேன். ஒருவர் கடைசி வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, “எல்லாம் நல்லாருக்கு அண்ணே. இதுல யாரு ஆவியா வாராங்க?” என்றார்.

படம் மூன்றாம் வாரம் ஓடிக்கொண்டிருந்தபோது, ஞாயிற்றுக்கிழமை மதியம், ஈப்போ அரங்கில் குமரேசன் ரசிகர்களைச் சந்தித்தான். நானும் போனேன். புண்ணைச் சொறிகிற சுகம் அது.

காட்சி முடிந்ததும் வெளிக்கூடத்தில் அவன் முன்னால் வரிசை. படம் பிடித்துக்கொள்ளத்தான் நிற்கிறார்கள் என்று நினைத்தேன். இல்லை. ஒவ்வொருவரும் ஏதோ சொன்னார்கள். காதைக் கொடுத்துக் கேட்டேன்.

“எங்க தோட்டத்துலயும் இதே மாதிரி ஒன்னு அண்ணே. எங்க பெரியம்மா.”

“அந்தக் குட்ட எங்க லயத்து வீடுங்களுக்குப் பின்னாடிதான் லா. நீங்க பேர மாத்திட்டீங்க, எனக்குத் தெரியாதா?”

“எங்கப்பா அந்த வெளிச்சத்த கண்ணால பாத்தவரு.”

எல்லோரும் வெவ்வேறு தோட்டம், ஒரே குட்டை. குமரேசன் ஒவ்வொருவர் கையையும் பிடித்துக்கொண்டு, தலையாட்டி, பெயர் கேட்டான். ஒரு அம்மா அவன் தலையைத் தொட்டுக் கும்பிட்டார். நான் ஒரு சுவரொட்டிக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்று, கையில் இருந்த குளிர்பானக் குவளையை நசுக்கிக்கொண்டிருந்தேன்.

“நீங்க அங்க போய் நிக்கலையா?”

பக்கத்தில் ஒரு முதிய பெண்மணி. பூப்போட்ட மேற்சட்டை, தொளதொளத்த காற்சட்டை, சீன ஆயாக்கள் மார்க்கெட்டுக்குப் போடுகிற மாதிரி. முகக்கவசம் தாடைக்குக் கீழே தொங்கியது. பேச்சோ நான் சிறு வயதில் லயத்துக் குழாயடியில் கேட்ட பேச்சு. ஐம்பது வருடம் உப்பில் போட்டு வைத்தாற்போல.

“எதுக்கு?” என்றேன்.

“எல்லாரும் அவங்கவங்க வீட்டுப் பேயச் சொல்றாங்களே.”

“என்கிட்ட பேய் இல்ல.”

“படத்துல வேல செஞ்சவரா?”

“ஆமா.” பாதிப் பொய்.

“அப்ப அவருகிட்ட ஒன்னு சொல்லுங்க. அந்தப் புள்ள குதிக்கல. கர பூராவும் களிமண்ணு, வழுக்கும். வழுக்குதேன்னு செருப்பக் கழட்டி வச்சா. அவ்வளவுதான்.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“கழட்டுனது நான்தான் தம்பி. நான்தான் அஞ்சல,” என்றார். “எங்கயாச்சும் சூடா கோப்பி கெடைக்குமா? உள்ள ரொம்பக் குளிரு.”

கோப்பிக் கடையில் உட்கார்ந்தோம். ரொட்டியைக் கோப்பியில் முக்கிச் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். அவரைக் கூட்டிப்போன சீனப் பையன் பெயர் லியோங். ஈயச் சுரங்கத்தில் லோரி ஓட்டினான். குட்டைக்கு அந்தக் கரையில் லோரியை நிறுத்திக்கொண்டு காத்திருந்தான். இரண்டு வீட்டுக்கும் தெரிந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன்.

“எங்கப்பா அரிவாளத் தூக்குவாரு. அவங்கம்மா கதவச் சாத்துவாங்க. அதான் பகாங் பக்கம் போயிட்டோம். ரொம்பக் காலம் கழிச்சுத்தான் காம்பாருக்கு வந்தோம். அவரு போய் ஆறு வருஷம் ஆச்சு.”

“திரும்பி வீட்டுக்கு வரணும்னு தோணலையாக்கா?”

“வந்தேனே. மூணாம் வருஷம். தோட்டத்து முச்சந்தியில பஸ்ஸ விட்டு எறங்குறேன், ஒரு சின்னப் பொண்ணு பூவோட போவுது. எங்கடி போறன்னேன். அஞ்சல சாமிக்குப் படைக்கிறாங்கன்னா.” ரொட்டியை மென்று முடித்தார். “எல்லாரும் அழுது முடிச்சு, சாமியாவும் ஆக்கிட்டாங்க. அதுக்கப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உசுரோட போய் நிக்கிறது? எதுத்த பஸ்ல ஏறிட்டேன்.”

படத்தை மூன்று முறை பார்த்துவிட்டாராம். “நல்லா செத்திருக்கேன்,” என்றார். பிறகு குரல் தாழ்ந்தது. “உசுரோட இருந்த பத்தொம்பது வருசத்துல எனக்குன்னு ஒரு புதுச் சீல கெடையாது தம்பி. அம்மா கட்டிக் கிழிச்சதுதான். அவளுக்குப் பாருங்க, வருசா வருசம் புதுசு. இல போட்டுச் சோறு. ஊரே கும்புடுது. இப்ப சினிமா வேற. அவ குடுத்து வச்சவ.”

தன் பேயின் மேலேயே வயிறெரியும் ஒருவரை நான் அன்றுதான் பார்த்தேன். என் சொந்தத்தைக் கண்டாற்போல இருந்தது. எழுந்து போகும்போது, நான் கேட்டதற்காகத் தொலைபேசி எண்ணைக் கொடுத்துவிட்டு, என் கையைப் பிடித்தார்: “இத யாருகிட்டயும் சொல்லாதீங்க. மாரி தாங்க மாட்டான். நான் பேயாவே இருந்துட்டுப் போறேன்.”

“சரிக்கா,” என்றேன்.

வீடு திரும்பும் வழி முழுக்கப் பாடிக்கொண்டே வந்தேன். உண்மைச் சம்பவமாம்! அந்த உண்மை காம்பாரில் கோப்பி குடித்துக்கொண்டு உயிரோடு இருக்கிறது. ஒரே ஒரு வார்த்தை. குமரேசனின் பேய் செத்துவிடும். செய்தித்தாள்காரர்கள் என்னிடம் வருவார்கள். உண்மையைக் கண்டுபிடித்தவர் என்பார்கள். அடுத்த படத்துக்குத் தயாரிப்பாளர் என் மாடிப்படி ஏறி வருவார். சாகாத பெண்ணின் கதையைச் சாகாத பெண்ணே சொல்ல, நான் எழுதுவேன். கொடுத்த வாக்கு எங்கே போயிற்று என்று கேட்கிறீர்களா? பொறாமைக்காரன் வாக்கை மறப்பதில்லை. அதற்கு ஒரு நல்ல காரணம் கண்டுபிடித்து விடுவான். உண்மை வெளியே வர வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எவ்வளவு நல்ல காரணம், பார்த்தீர்களா?

அந்த வாரமே குமரேசன் கூப்பிட்டான். “மச்சான், வர்ற ஞாயித்துக்கெழம காலையில அஞ்சல படையல். படம் பாத்தவங்க நெறைய பேரு வாரேன்னு சொல்றாங்க. நீயும் வந்து ரெண்டு வார்த்த பேசணும்டா.”

“வாரேன்,” என்றேன். இவ்வளவு சீக்கிரம் கடவுள் எனக்கு ஒலிவாங்கியைக் கொடுப்பார் என்று நினைக்கவில்லை.

உடனே அஞ்சலை அக்காவைக் கூப்பிட்டேன். “உங்க படையல நீங்களே பாக்க வாரீங்களா? நான் கார்ல கூட்டிட்டுப் போறேன்.”

“தூரத்துல நின்னு பாக்கலாமா?”

“பாக்கலாம்.”

“யாருக்கும் தெரியாதுல்ல?”

“தெரியாதுக்கா.”

இதை எழுதும்போதும் என் காது சுடுகிறது.

ஞாயிறு காலை காம்பாரில் அவரை ஏற்றிக்கொண்டேன். அதே பூப்போட்ட சட்டை, துவைத்துத் தேய்த்தது. பெரிய தொப்பி, முகக்கவசம். வழியில் அதிகம் பேசவில்லை. “மாரிக்குத் தலையில முடி இருக்கா?” என்று மட்டும் கேட்டார். “கொஞ்சம் இருக்கு,” என்றேன். “எங்கப்பாவுக்கு நாப்பதுலயே போயிருச்சு,” என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

செம்பனைக்கும் தமானின் கடைசி வீட்டுச் சுவருக்கும் நடுவில், குட்டைக் கரையில், அந்தக் கல். மேலே ஒரே ஒரு பால்மரம், சீவிச் சீவி வீங்கிய அடியோடு. கூட்டத்தைப் பார்த்துத் திகைத்தேன். சிலிபினிலிருந்து வேன் பிடித்து வந்திருந்தார்கள். பெண்கள் கையில் பூ, பழம், கூடவே துண்டுக் காகிதங்கள். ஒரு அக்காவிடம் என்ன காகிதம் என்று கேட்டேன்.

“எங்க சித்தப்பா பேரு, அத்த பேரு. எங்க தோட்டத்துல அவங்கள எரிச்ச எடத்துல இப்ப பெரிய கட வந்துருச்சு லா. எங்க போய்ப் படைக்கிறது? இங்க வச்சுட்டுப் போலாம்னு வந்தோம். அஞ்சலதான் உண்மையாச்சே.”

கல்லைச் சுற்றி அப்படி எத்தனையோ காகிதம், கூழாங்கல் வைத்து அழுத்தியிருந்தது. அரங்கில் எழுந்த அந்த முனகல் எனக்கு அப்போதுதான் விளங்கியது. அஞ்சலையின் பேய் உண்மை என்றால், அவர்கள் வாழ்ந்த லயமும் உண்மை, குழாயடியும் உண்மை, பெரிய கடைக்கு அடியில் போன சித்தப்பாவும் உண்மை. வேறு எந்தப் பத்திரத்திலும் அவர்கள் பெயர் இல்லை. பேய்க் கதையில்தான் இருக்கிறது. பார்க்க வருபவர்களைப் பயந்தாங்கொள்ளிகள் என்று நினைக்கும் தம்பிகள் இதைக் கொஞ்சம் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

விளங்கியதே, அதோடு எரிச்சல் அடங்கியதா? இல்லை. இன்னும் கூடியது. இதை எனக்கு முன்பே குமரேசன் உணர்ந்திருக்கிறான். நான் குப்பை என்று தள்ளிய அவனுடைய மிச்சம் ஒன்பதில் இது இருந்திருக்கிறது.

மாரிமுத்து இலை போட்டார். வயதாகிவிட்டது, குனிந்தால் நிமிர நேரமாகிறது. சிவப்புச் சேலையைக் கல்லுக்குச் சார்த்தினார். கூட்டத்துக்குப் பின்னால் என் தோளோரம் நின்ற அஞ்சலை அக்கா இலையை எட்டிப் பார்த்து முணுமுணுத்தார்: “கருவாட்டுக் கத்தரிக்கா அவனுக்குத்தான் புடிக்கும். என் பேரச் சொல்லி அவன் சாப்புடுறான்.” கண் முழுக்க நீர். காற்றுக்காகக் கவசத்தைக் கீழே இறக்கிவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு இரண்டடி முன்னால் போனார். இன்னும் இரண்டடி. போதும் என்று நான் சொல்லவில்லை. முன்னால் இருந்தால் எனக்கு வசதி.

பூசை முடிந்தது. குமரேசன் ஒலிவாங்கியை எடுத்தான். “இந்தக் கதையை நான் தனியா கேக்கல. கூட இருந்தவரு என் மச்சான். எனக்கு எழுதச் சொல்லிக் குடுத்தவரு. அவரு பேசுவாரு,” என்று என் கையில் கொடுத்தான். எல்லோரும் கைதட்டினார்கள். அவன் உண்மையாகவே சந்தோஷமாக நின்றான். எனக்கு அவனைப் பிடித்துக் குட்டையில் தள்ள வேண்டும் போலிருந்தது.

“இந்தக் கதையில ஒரு தப்பு இருக்கு,” என்றேன்.

குமரேசனின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. அதைப் பார்க்க எவ்வளவு நாளாகக் காத்திருந்தேன்! அடுத்த வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது: அஞ்சலை சாகவில்லை, இதோ நிற்கிறார்.

அவரைக் காட்டுவதற்காகக் கையைத் தூக்கினேன். தூக்கிய பிறகுதான் அவரைப் பார்த்தேன். காகிதங்களுக்கு நடுவில் நின்றவர், கவசத்தை மெதுவாக மேலே இழுத்து, தொப்பியைத் தாழ்த்தி, கார் நின்ற பக்கம் ஒரு காலைத் திருப்பியிருந்தார். எழுபத்திரண்டு வயதில் இரண்டாவது முறையாக ஓடுவதற்கு ஆயத்தமாகிவிட்டார். கெஞ்சவில்லை, என்னை முறைக்கவுமில்லை. ஓட வேண்டியிருக்கும் என்று அவருக்கு முன்பே தெரிந்திருந்தது போல இருந்தது. அதுதான் என்னை உடைத்தது.

கை மேலேயே இருந்தது. அதை மடக்கி என் நெஞ்சில் வைத்தேன்.

“தப்பு என்னோடது,” என்றேன். “இந்தக் கதைய மொதல்ல கேட்டப்ப, யாருடா பாப்பாங்கன்னு கேட்டேன். இங்க எத்தன பேரு நிக்கிறீங்க, பாருங்க.”

சிரிப்பு. அப்புறம் கைதட்டல். குமரேசன் என்னைக் கட்டிப்பிடித்தான். கைதட்டல் எங்கள் இரண்டு பேருக்கும் என்று தெரியும். ஆனாலும் எவ்வளவு எனக்கு, எவ்வளவு அவனுக்கு என்று மனம் பிரித்துப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. பெருந்தன்மை என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

உங்களுக்குச் சொல்ல வந்தது இதற்கு அப்புறம்தான் இருக்கிறது.

அடுத்த பத்து நிமிடம் நான் குமரேசனையே பார்த்துக்கொண்டிருந்தேன். யார் அவன் காலைத் தொடுகிறார்கள், யார் கையெழுத்துக் கேட்கிறார்கள், ஒருவராவது என் பக்கம் வருகிறாரா என்று. ஒருவர் வந்தார், கழிப்பறை எங்கே என்று கேட்டார். நான் திரும்பியபோது கல்லுக்குப் பக்கத்தில், பால்மரத்தடியில், அஞ்சலை அக்கா இலையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எதிரில் மாரிமுத்து குத்துக்காலிட்டுப் பரிமாறினார். அவர் வேற்று ஆளுக்குப் பரிமாறுகிறார் என்றே நினைத்தேன். படையலுக்கு வந்தவர்களை வெறும் வயிற்றோடு அனுப்ப மாட்டார்கள் அல்லவா.

ஐம்பது வருடத்தில் அந்தக் கரையில் நடந்த ஒரே பெரிய சம்பவம் என் முதுகுக்குப் பின்னால் நடந்தது. எழுத்தாளன் என்று அங்கே நின்றவன் நான் ஒருவன்தான். நான் பார்க்கவில்லை. பொறாமை ஒரு கதையை மோப்பம் பிடித்து இடம் வரைக்கும் கொண்டுபோய் விடும், அதில் சந்தேகமில்லை. அங்கே போன பிறகு கண்ணை வேறு பக்கம் திருப்பிவிடும். அக்கா முதலில் பேசினாரா, மாரிமுத்துவா, எந்தச் சொல்லில், எந்தக் கவளத்தில், எனக்குத் தெரியாது. நான் அவர்களிடம் கேட்கவும் இல்லை. அவ்வளவு வெட்கம் மிச்சமிருந்தது.

எனக்குத் தெரிந்ததெல்லாம் கிளம்பும்போது கேட்டதுதான். அக்காவைக் காரில் ஏற்றி, இயந்திரத்தை முடுக்கிவிட்டேன். மாரிமுத்து மூச்சு வாங்க ஓடிவந்து அவர் பக்கக் கண்ணாடியைத் தட்டினார். கையில் தேங்காய் மூடியும் பழமும் கட்டிய பை. பின்னால் கூட்டம் நின்றதால் குரலைத் தணித்துக்கொண்டார்.

“ஒன்னு கேக்கணும்மா,” என்றார். “அம்பது வருசமா சாமிக்குன்னு செவப்புதான் எடுத்துப் பழக்கம். உசுரோட இருக்கறவங்களுக்கு என்ன கலர்ல சீல எடுக்கறதுன்னு தெரியல. நீங்கதான் சொல்லணும்.”

அக்கா பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். கவசத்தைக் கழற்றினார். நான் சாலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

“கிளிப்பச்சடா,” என்றார்.